ஸ்லைடைத் தொடாதவருக்குச் சான்றிதழா? மரபியல் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவரின் கவனத்துக்கும்,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருந்தன. ஆண்டுதோறும் நடந்துவந்த ஆறு நாள் குரோமோசோம் செய்முறைப் பயிற்சி முகாம் நிறுத்தப்படுகிறது; அதற்குப் பதிலாக இரண்டு நாள் இணையவழி விரிவுரை நடக்கும், கேட்டு முடித்தவர்களுக்குக் 'குரோமோசோம் ஆய்வில் பயிற்சி பெற்றவர்' என்ற சான்றிதழ் கிடைக்கும். மாணவர்களுக்கு முன்பணமாகத் தரப்பட்ட பயண உதவி இனி ஜிஎஸ்டி எண் உள்ள ரசீதைக் காட்டிய பிறகே திருப்பித் தரப்படும். இவ்விரண்டாலும் மாணவர் நிதியில் மிச்சமாகும் தொகை ஆண்டு மாநாட்டின் அரங்கச் செலவுக்குப் போகும்.

இந்த மூன்றையும் நாங்கள் ஏற்கவில்லை. நாங்கள் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். அரசு, தனியார் ஆய்வகங்களில் அன்றாடம் குரோமோசோம் பார்ப்பவர்கள். முகாமில் கற்றுக்கொடுத்தவர்களும் எங்களில் உண்டு. பொதுக்குழுவில் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த முடிவு என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையே சுற்றறிக்கை கணக்கில் எடுக்கவில்லை என்பது.

"இது சீக்வென்சிங் காலம், கேரியோடைப்பிங் பழைய தொழில்நுட்பம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சீக்வென்சிங் என்பது டிஎன்ஏவின் எழுத்துகளைப் படிப்பது; கேரியோடைப்பிங் என்பது குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, வரிசையாக அடுக்கிப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோமை எடுத்துக்கொள்வோம். அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு 21-ஆம் குரோமோசோம் தனித்தனியாக மூன்று இருக்கும். 3 முதல் 4 சதவீதம் பேருக்கு அந்த மூன்றாவது 21, 14-ஆம் குரோமோசோம் போன்ற வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டிஎன்ஏவின் அளவைப் பார்க்கும் பிசிஆர் சோதனையோ மைக்ரோஅரேயோ '21 கூடுதலாக இருக்கிறது' என்று சொல்லும். அது தனியாக நிற்கிறதா, ஒட்டி நிற்கிறதா என்று சொல்லாது. பெற்றோருக்கு வேண்டியதோ அந்தப் பதில்தான். தாய்க்கு 14-உம் 21-உம் ஒட்டிய குரோமோசோம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம். தந்தையிடம் இருந்தால் 1 அல்லது 2 சதவீதத்துக்கு மேல் போகாது. இரண்டு 21-களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ பிழைத்துப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். இந்த மூன்று குடும்பங்களுக்கும் சொல்ல வேண்டிய ஆலோசனை முற்றிலும் வேறு வேறு. அதைப் பிரித்துச் சொல்வது நுண்ணோக்கியின் கீழ் இருக்கும் ஸ்லைடு.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குரோமோசோம் ஒட்டியிருக்கும் டவுன் குழந்தைக்கு எண்ணிக்கை 46 தான் வரும். எண்ண மட்டும் தெரிந்தவர் '46, இயல்பானது' என்று எழுதிவிடுவார். ஒட்டிய குரோமோசோம் தாயிடமிருந்து வந்திருந்தால் அவர் முழு ஆரோக்கியமாக இருப்பார், அவருக்கோ எண்ணிக்கை 45. சாயம் ஏற்றிய குரோமோசோமில் தெரியும் பட்டைகளான பேண்டுகளைப் படிக்கத் தெரியாதவர் கையில் குழந்தையின் அறிக்கையும் தவறாகும், தாயின் அறிக்கையும் தவறாகும்.

மீண்டும் மீண்டும் கரு கலையும் தம்பதிகளில் ஒரு பகுதியினருக்கு, இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்ட சமநிலை இடமாற்றம் காரணமாக இருக்கிறது. மரபுப் பொருள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதால் மைக்ரோஅரேயில் இது தெரியாது. கேரியோடைப்பில் தெரியும், பேண்டு தெளிவாக இருந்தால். இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. அதனால் டவுன் குழந்தை பிறந்தாலும் "மாமன் மகனைக் கட்டினதால் வந்தது" என்று வீட்டில் ஒரே பேச்சாக இருக்கும். ஒடுங்கு மரபணு நோய்கள் பலவற்றுக்கு நெருங்கிய உறவுத் திருமணம் காரணமாகலாம். 21-ஆம் குரோமோசோம் பிரியாமல் போவதற்கு அது காரணம் இல்லை. இதை அந்த வீட்டாருக்குப் புரியும்படி சொல்லவும், கையெழுத்துப் போட்ட அறிக்கையோடு சொல்லவும் மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டாமா?

இனி, இந்த வேலையை ஏன் விரிவுரையில் கற்க முடியாது என்பதற்கு வருகிறோம். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று 1923-இலிருந்து உலகமே நம்பியது. சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று 1956-இல் வெளியிட்டார்கள். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவாளிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஸ்லைடு சரியாக அமையவில்லை, அவ்வளவுதான். நீர்த்த உப்புக் கரைசலில் செல்லை ஊறவைத்தால் குரோமோசோம்கள் பிரிந்து நிற்கும் என்பது 1952-இல் செல் ஆய்வாளர் டி.சி. ஷூ வெளியிட்ட பிறகுதான் பரவலாயிற்று. அதுவும் ஆய்வகத்தில் கரைசல் தவறாகக் கலக்கப்பட்டதால் கிடைத்த கண்டுபிடிப்பு. இந்தத் துறை கைப்பக்குவத்தில் பிறந்தது, இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

ரத்தம் வரும் குழாயிலேயே பாடம் தொடங்குகிறது. பச்சை மூடி என்று பார்த்தால் போதாது, சோடியம் ஹெப்பாரினா லித்தியம் ஹெப்பாரினா என்று லேபிளைப் படிக்க வேண்டும். லித்தியம் செல் வளர்ச்சியைக் கெடுக்கும். ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் வந்தால் அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் செல்கள் சரியாகப் பிரியாது. கூரியரில் ஐஸ் மேல் நேராகக் குழாயைப் படுக்க வைத்து அனுப்புகிறார்கள். உறைந்த ரத்தத்தில் வளர்க்க ஒன்றும் மிஞ்சாது. மே மாதத்தில் எதுவும் வைக்காமல் அனுப்பினாலும் வண்டிக்குள் வெந்துபோகும். குளிர்ந்த ஜெல் பேக்கைச் செய்தித்தாளில் சுற்றி, குழாய் அதில் படாமல் தெர்மக்கோல் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். அனுப்பும் மருத்துவமனைக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் பயிற்சியின் பகுதி.

ரத்தச் செல்லை வளர்க்கும் கல்ச்சர் போடுவது எளிது: 20 சதவீதம் சீரம் சேர்த்த ஆர்பிஎம்ஐ 1640 ஊடகம் 5 மி.லி., முழு ரத்தம் 0.5 மி.லி., செல்களைப் பிரியத் தூண்டும் பிஎச்ஏ 0.1 மி.லி. குழாயைச் சாய்த்து 37 டிகிரியில் 72 மணி நேரம். நாளுக்கு ஒரு முறை மெல்லக் கலக்கிவிட வேண்டும். நான்காம் நாள் காலையில் ஹார்வெஸ்ட், அதாவது வளர்ந்த செல்களை அறுவடை செய்வது. இங்கிருந்துதான் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும் கால்செமிட், மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் உள்ள கரைசலில் 0.05 மி.லி. சேர்த்து 30 முதல் 45 நிமிடம். மதிய உணவுக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் நிறைய மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும் கட்டத்தில் நிற்கும் செல்கள்) கிடைக்கும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் குரோமோசோம்கள் சுருங்கிக் கட்டையாகி ஒரு பேண்டும் பிரியாது. பிறகு நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் 8 முதல் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுத்துவிட்டு, 37 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு 8 மி.லி. சேர்த்து 20 நிமிடம். 5 நிமிடத்தில் நிறுத்தினால் செல் போதுமான அளவு உப்பாது, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். 40 நிமிடம் விட்டால் செல் வெடித்து ஒரு செல்லின் குரோமோசோம் பக்கத்துச் செல்லோடு கலந்துவிடும்.

செல்லை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் கரைசலான ஃபிக்ஸேடிவ், மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும். அன்றன்று கலக்க வேண்டும். நேற்றுக் கலந்ததில் இரண்டும் வினைபுரிந்து வேறு பொருளாக மாறத் தொடங்கியிருக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்திருக்கும். முதல் 1 மி.லி.யைக் குழாயைத் தட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால், குழாயின் அடியில் படிந்த செல் திரளான பெல்லட் பழுப்பு நிறக் கட்டியாக இறுகிவிடும். அதை எந்தச் சுழற்சியாலும் பிரிக்க முடியாது, நான்கு நாள் வேலை அந்த ஒரு விநாடியில் போய்விடும். கட்டியாகத் தொடங்கும் தருணத்தை விரல்தான் உணர்கிறது. வீடியோவில் குழாய் தெரியும், விரலில் அதிரும் அந்தத் தட்டல் தெரியாது.

அடுத்தது ஸ்லைடு போடுவது. முகாமை நிறுத்தக் கூடாது என்பதற்கு நாங்கள் காட்டும் முதல் சாட்சி இதுதான். சுத்தமான குளிர்ந்த ஸ்லைடில் இரண்டு சொட்டு விடுகிறோம். திரவம் பரவி, ஓரத்திலிருந்து காயத் தொடங்கும்போது மேலே எண்ணெய்ப் படலத்தில் தெரிவதுபோல் வானவில் நிறங்கள் ஓடும். அந்த நிறம் தோன்றி மறையும் சில விநாடிகளில்தான் செல் தட்டையாகி குரோமோசோம்கள் விரிகின்றன. அந்த வேகத்தை முடிவு செய்வது அறையின் ஈரப்பதம். 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். ஸ்லைடு மெதுவாகக் காயும், குரோமோசோம்கள் அளவுக்கு மீறிச் சிதறும், ஓரத்தில் இருந்தவை விலகிப்போகும். எண்ணினால் ஒரு செல்லில் 45, அடுத்ததில் 44, இன்னொன்றில் 46. அதே ஸ்லைடை ஏசி நன்றாக ஓடும் வறண்ட அறையில் போட்டால் மளமளவென்று காய்ந்து, குரோமோசோம்கள் பிரியாமல், சுற்றிலும் சைட்டோபிளாசம் படலமாக, சாயம் போடாமலே பார்க்க உதவும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பளபளவென்று மின்னும்.

ஈரமான நாளில் ஸ்லைடைச் சாய்த்து வைத்து 45 டிகிரித் தட்டில் காயவைக்க வேண்டும். வறண்ட நாளில் சொட்டு விடுவதற்கு முன் ஸ்லைடின் மேல் வாயால் ஆவி ஊத வேண்டும், அல்லது ஈரத்துணி மேல் வைக்க வேண்டும். முதல் ஸ்லைடைச் சாயம் போடாமலே ஃபேஸில் பார்த்து, குரோமோசோம் நடுத்தரச் சாம்பல் நிறத்தில், ஓரத்தில் ஒளிவளையம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். எந்த நாளில் எதைச் செய்வது என்பதைப் பத்துப் பதினைந்து ஸ்லைடைக் கெடுத்த பிறகுதான் கை கற்றுக்கொள்கிறது.

இது அழகுப் பிரச்சினை இல்லை. ஒரு எக்ஸ் குரோமோசோம் குறையும் டர்னர் சிண்ட்ரோம் சந்தேகத்தில் வரும் பெண்பிள்ளையின் ஸ்லைடில் மூன்று செல்களில் 45 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் காணாமல் போனது ஒரே எக்ஸ் குரோமோசோமா, அல்லது ஒவ்வொன்றிலும் வேறு வேறா? வேறு வேறு என்றால் அது ஸ்லைடு போட்டவரின் பிழை. ஒரே எக்ஸ் என்றால் மொசைக்காக, அதாவது சில செல்களில் மட்டும் குறை உள்ள நிலையாக, இருக்கலாம், 20 செல்லோடு நிறுத்தாமல் 30, 50 என்று எண்ண வேண்டும். 20 செல்கள் எண்ணினால் 14 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள மொசைக்கை மட்டுமே 95 சதவீத உறுதியோடு மறுக்க முடியும். அதற்குக் கீழே இருப்பது நழுவிப் போகலாம். சிதறிய ஸ்லைடையும் உண்மையான இழப்பையும் பிரித்தறியத் தெரியாதவர் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் ஒரு தவறான வரியை எழுதிவிடுவார்.

பேண்டிங்கும் இப்படித்தான். ஸ்லைடை 60 டிகிரியில் ஓர் இரவு வைத்துப் பக்குவப்படுத்திய பிறகு, புரதத்தைக் கரைத்துப் பட்டைகளை வெளிக்காட்டும் டிரிப்சின் நொதி. எத்தனை விநாடி என்பது டிரிப்சின் பாட்டிலுக்குப் பாட்டில், ஸ்லைடின் வயதுக்கு வயது மாறும். ஒரே பெல்லட்டிலிருந்து மூன்று ஸ்லைடு எடுத்து 10, 20, 30 விநாடி வைத்துப் பார்த்துதான் அன்றைய கணக்கைப் பிடிக்க வேண்டும். குறைந்தால் குரோமோசோம் முழுக்க ஒரே கருமை. கூடினால் உப்பி, ஓரம் பிசிறடித்து, வெளிறிய நிழலாக நிற்கும். ஜீம்சா சாயத்தைப் பிஎச் 6.8 பஃபரில்தான் கரைக்க வேண்டும்; கழுவுவதற்குப் போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டால் அதன் காரத்தன்மையில் சாயம் நீலம் பாரித்துவிடும். நல்ல ஸ்லைடு ஒன்று கெட்டுப்போவதற்குக் கடைசிக் குழாய்த் தண்ணீர் போதும்.

இப்போது உங்கள் 'இரண்டு நாள்' என்பதைப் பாருங்கள். திங்கள் காலை போட்ட கல்ச்சர் வியாழன் காலைதான் ஹார்வெஸ்டுக்கு வரும். வியாழன் மாலை ஸ்லைடு, இரவு அடுப்பில், வெள்ளி பேண்டிங், சனி எண்ணுவதும் படிப்பதும். ஆறு நாள் என்பது யாரோ ஆசைப்பட்டு நீட்டியது அல்ல, நாம் வளர்க்கும் வெள்ளணுவான லிம்போசைட் செல் கேட்கும் நேரம். செவ்வாயும் புதனும் வீணாவதும் இல்லை. முன்பே ஃபிக்ஸ் செய்த பெல்லட்டை மைனஸ் 20 டிகிரியில் மாதக்கணக்கில் வைக்கலாம். அந்த இரண்டு நாளும் அதைக் கொண்டு ஸ்லைடு மட்டுமே போட்டுப் பழகலாம்.

செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் போடுவோம். 12 பேர், ஆளுக்கு நான்கு கல்ச்சர், மொத்தம் 48. ஊடகம் 240 மி.லி.: ஆர்பிஎம்ஐ 192, சீரம் 48. 500 மி.லி. ஊடகப் பாட்டில் ஒன்று, 100 மி.லி. சீரம் பாட்டில் ஒன்று, இரண்டிலும் பாதிக்கு மேல் மிச்சம். பிஎச்ஏ 4.8 மி.லி. கால்செமிட் 2.4 மி.லி., அதாவது 10 மி.லி. குப்பியில் கால்வாசி. பொட்டாசியம் குளோரைடு கரைசல் 384 மி.லி.; ஒரு லிட்டர் தயாரிக்க 5.59 கிராம் உப்பு போதும். ஃபிக்ஸேடிவ் மூன்று முறை மாற்றினால் ஒன்றேகால் லிட்டர். இவ்வளவும் ஒரு ஃப்ரிட்ஜ் தட்டிலும் ஒரு அலமாரி மூலையிலும் அடங்கிவிடும். தூய காற்றோட்ட மேசையான லேமினார் ஃப்ளோவும் இன்குபேட்டரும் நுண்ணோக்கியும் முகாம் நடக்கும் துறைகளில் ஏற்கனவே இருக்கின்றன. மாநாட்டு மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனருக்கும் பிரதிநிதிகளுக்குத் தரும் பைக்கும் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி பொருளாளரை மரியாதையோடு கேட்டுக்கொள்கிறோம்.

ஆளுக்கு நான்கு குழாய் என்பதற்கும் காரணம் உண்டு. ஒன்று முறைப்படி. இரண்டாவதில் கால்செமிட்டை இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்வோம். மூன்றாவதில் பொட்டாசியம் குளோரைடை 5 நிமிடத்தில் நிறுத்தச் சொல்வோம். நான்காவது ஈடிடிஏ ரத்தம். சனிக்கிழமை நான்கு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, பிறகு தன் ஊர் ஆய்வகத்தில் ஒரு கெட்ட ஸ்லைடு வரும்போது எந்தக் கட்டத்தில் தவறு நடந்தது என்று ஸ்லைடே சொல்லிவிடும். யாரும் தன் சொந்த ரத்தத்தில் கல்ச்சர் போடக் கூடாது. பிறரிடம் எடுக்கும்போது எதிர்பாராத முடிவு வந்தால் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதையும் அங்கேதான் பழக்குகிறோம்.

விண்ணப்பம் குறைந்துவிட்டது என்கிறீர்கள். கடந்த முறை அறிவிப்பு வந்தது கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்பு. துறைத்தலைவர் கடிதம், பதிவாளர் அனுமதி, வங்கி வரைவோலை மூன்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வெளியே வர இரண்டு வாரம் ஆகும் என்பது உங்களில் பேராசிரியர்களாக இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பயண உதவிக்கு வருவோம். ஆய்வு மாணவருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று காகிதத்தில் இருக்கிறது. மாதாமாதம் அது கைக்கு வருவதில்லை. பல மாதம் சேர்ந்து ஒரு நாள் வரும். எம்.எஸ்சி. மாணவருக்கும், அரசு மருத்துவமனை ஆய்வக நுட்பருக்கும் அதுவும் இல்லை. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வந்து ஆறு நாள் தங்கும் மாணவி முதலில் கைக்காசு போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும் என்றால், கைக்காசு உள்ளவர்தான் வருவார். ஜிஎஸ்டி ரசீது தரும் விடுதியில் தங்க வசதி உள்ளவருக்கு உங்கள் உதவி தேவையில்லை. உதவி தேவைப்படுபவர் தங்கும் பெண்கள் விடுதியில் கிடைப்பது கையால் எழுதிய துண்டுச் சீட்டு. பேருந்துச் சீட்டோ வெப்பத்தாளில் அச்சானது. பர்ஸில் வைத்த மூன்று மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். அந்த வெள்ளைத் தாளைப் பார்த்து 'ஆதாரம் இல்லை' என்று உங்கள் அலுவலகம் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள் எங்கள் துறைகளில் இருக்கின்றன.

சான்றிதழைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. இந்தத் தாளைக் காட்டி ஒருவர் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேரலாம். அவர் போடும் அறிக்கையை வைத்து ஒரு தம்பதி அடுத்த குழந்தை வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். டிரிப்சின் பாட்டிலைத் திறந்தே பார்க்காதவரைப் 'பயிற்சி பெற்றவர்' என்று சங்கத்தின் முத்திரையோடு எழுதித்தருவதற்கு எந்தச் செயற்குழுவுக்கும் உரிமை இல்லை. இணையவழி விரிவுரை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குரோமோசோம் பெயரிடும் முறை, மரபியல் ஆலோசனை, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டு பிசிபிஎன்டிடி சட்டத்தின் கீழ் மரபியல் ஆய்வகம் வைத்திருக்க வேண்டிய பதிவும் படிவங்களும் எல்லாவற்றையும் அதில் நன்றாகவே நடத்தலாம். முகாமுக்கு முந்தின வாரம் நடத்துங்கள். முகாமுக்குப் பதிலாக நடத்தாதீர்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். மூன்று முடிவுகளையும் பொதுக்குழுவின் முன் வைத்து, உறுப்பினர்கள் பேசி, வாக்களித்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை மாணவர் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் மாநாட்டுச் செலவுக்கு மாறக் கூடாது. அந்த நிதிக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்தது, போனது இரண்டையும் தனிக்கணக்காக உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள்.

ஆறு நாள் முகாமை ஆண்டுக்கு இரண்டு முறை, 12 பேர் வீதம் நடத்துங்கள். ஒன்று பிப்ரவரியில். மற்றொன்று கட்டாயம் ஐப்பசி மழையில், கடலோர ஊரில். ஈரக்காற்றில் ஸ்லைடு போடத் தெரிந்தவருக்கு எங்கும் போடத் தெரியும். ஒவ்வொரு முகாமிலும் நான்கு இடம் அரசு மருத்துவமனை ஆய்வக நுட்பர்களுக்கும், நான்கு இடம் கல்ச்சர் வசதி இல்லாத கல்லூரி மாணவர்களுக்கும் ஒதுக்குங்கள். அறிவிப்பு 60 நாள் முன்பாக வரட்டும், துறைத்தலைவர் கடிதம் ஒன்று போதும். கற்றுக்கொடுக்க நாங்கள் வருகிறோம், மதிப்பூதியம் வேண்டாம். பழகுவதற்கான பெல்லட்டுகளை, அடையாளங்களை நீக்கி, உரிய ஒப்புதலோடு எங்கள் ஆய்வகங்களிலிருந்து கொண்டுவருகிறோம்.

இணையவழி விரிவுரை கேட்டவருக்கு 'விரிவுரையில் கலந்துகொண்டார்' என்று மட்டும் எழுதிக்கொடுங்கள். 'பயிற்சி பெற்றவர்' என்ற சொல் செய்முறைத் தேர்வில் தேறியவருக்கே. தேர்வு இதுதான்: தானே போட்ட ஸ்லைடில் எண்ணத்தக்க 20 மெட்டாஃபேஸ், அவற்றில் ஐந்தைப் பேண்டு பேண்டாகப் படிப்பது, இரண்டை முழுக் கேரியோடைப்பாக அடுக்குவது, தரப்படும் கெட்ட ஸ்லைடு ஒன்றில் பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று சொல்வது.

பயண உதவியை முன்போலவே முன்பணமாக, தேர்வானவரின் வங்கிக் கணக்கில் பயணத்துக்கு 15 நாள் முன் செலுத்துங்கள். இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம் அல்லது அரசுப் பேருந்துக் கட்டணம், தங்குமிடத்துக்கு ஒரு நிலையான தொகை, அவ்வளவே. ரசீது கேட்பதானால் பயணம் செய்த அன்றே எடுத்த சீட்டின் கைபேசிப் படத்தையும், கையால் எழுதிய விடுதிச் சீட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மங்கிய சீட்டைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிய பழைய விண்ணப்பங்களை மறுபடி எடுத்து, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

செயற்குழுவில் ஒரு மாணவரும் ஓர் ஆய்வக நுட்பரும் வாக்குரிமையோடு இடம்பெற விதியைத் திருத்துங்கள்.

இந்த மடல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வராவிட்டால், விதிமுறைகளில் சொல்லியுள்ளபடி தேவையான எண்ணிக்கையில் கையெழுத்து வாங்கிச் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோருவோம். கையெழுத்துத் தாள் இப்போதே சுற்றில் இருக்கிறது.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்களும் குரோமோசோம் ஆய்வக நுட்பர்களும் பயிற்றுநர்களும்